தொடாமல் விட்ட தலை

எங்கள் தையல் கம்பெனிக்கு வந்து, செக்கிங் அக்கா எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் இடது பக்கம் கை காட்டுவார். செக்கிங் பிரிவு இருப்பதோ வலது பக்கம். இடது பக்கம் இருப்பது பாப்பா ரூம், அதாவது வேலைக்கு வரும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகம். அக்கா செக்கிங் மேஜையை விட்டு இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. பட்டப்பெயர் மட்டும் போகமாட்டேன் என்று கூடவே வந்துவிட்டது.

அவரை அங்கே தள்ளிவிட்டது நான்தான். நான் இந்தக் கம்பெனியின் நர்ஸ். பதினோரு வருடம் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து, நாளுக்கு நானூறு சட்டையைப் புரட்டி, விட்டுப்போன தையலைத் தேடித்தேடிக் களைத்த கண் அவருடையது. தினம் தலைவலி மாத்திரைக்கு என் அறைக்கு வருவார். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே, "அழிஞ்சு போயிருக்கே, புதுசு வாங்கி மாட்டக் கூடாதா?" என்றார். பலகை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன், இவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்று.

அதில் எனக்கு ஒரு சுயநலமும் இருந்தது, ஒளிப்பானேன். பாப்பா ரூமும் என் அறையும் ஒரே வராந்தாவில். அக்காவுக்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்குக் கையில் இருந்த ஒரே ஆயுதம் நான். சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன், தூங்காவிட்டால் ஊசிம்மாவைக் கூப்பிடுவேன் என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் அதே பாட்டு. நான் வராந்தாவில் தலையைக் காட்டினால் போதும், பதினாலு பிள்ளைகளும் குய்யோ முறையோ என்று கத்தும். நான் என்ன பேயா பிசாசா? நானும் இரண்டு பெற்றவள்தான். ஒரு தடவை நிஜமாகவே காய்ச்சல் வந்த பிள்ளையைத் தொட்டுப் பார்க்கப் போனேன். மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அக்கா வந்த மறுநாளே பிள்ளைகள் அத்தனையையும் ஓட்டிக்கொண்டு என் அறைக்குள் நுழைந்தார். பாதி அழுதுகொண்டிருந்தது, மீதி அவர் புடவைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

"நர்ஸு, ஊசிய எடுத்துக் காட்டு."

"அக்கா, ஏற்கெனவே அலறுதுங்க..."

"காட்டும்மா. எதுக்குப் போடுவ, எப்பப் போடுவன்னு சொல்லு. பொய் இல்லாம சொல்லு."

சொன்னேன். டாக்டர் சொன்னால் போடுவேன், சாப்பிடாததற்கெல்லாம் போடமாட்டேன் என்றேன். வலிக்குமா என்று ஒன்று கேட்டது. வலிக்கும், மூன்று எண்ணுவதற்குள் போய்விடும் என்றேன். அதற்குப் பிறகு அழுகை நின்றது. அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் துணி மறைப்புக்குப் பின்னால் இருக்கும் எடை மெஷினில் ஏற்றிவிட்டார். பழைய மெஷின், வட்ட முகம், பெரிய முள். ஆடினால் முள்ளும் ஆடும், அசையாமல் நின்றால் அதுவும் நிற்கும். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு என் அறை என்றால் உயிர்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அக்கா சொன்னார். "என் பொண்ண நான் போலீஸ் போலீஸ்னு சொல்லியே வளத்தேன் நர்ஸு. சாப்பிடலன்னா போலீஸ், சத்தம் போட்டா போலீஸ். இன்னிக்கு அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. போன மாசம் பை தொலைஞ்சுபோச்சு, உள்ள படிச்ச சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. எழுதிக் குடுக்கலாம்னு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. உள்ள போகக் கால் வரலியாம். எல்லாம் நான் பண்ண வேலை."

டப்பாவை மறுபடி மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே பாப்பா ரூமில் முதல் சட்டம் அக்காவுக்குத்தான்: நடக்காததைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் நடந்தே தீர வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் கொட்டியவர் துடைக்க வேண்டும். கட்டையை எறிந்தால் கட்டைகள் அன்றைக்கு அலமாரிக்குப் போய்விடும். அழுதாலும் வராது, கொஞ்சினாலும் வராது. மறுநாள் காலை கேட்காமலே வந்துவிடும், அதுவும் சட்டம்தான். கை நீட்டுவது, திட்டுவது, மூலையில் நிறுத்துவது எதுவும் கிடையாது. பெரிய தப்புக்கு வால்.

வால் என்பது கயிற்றின் கடைசி. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக அக்கா ஒரு நீளக் கயிறு செய்திருந்தார். அதில் பதினாலு வளையம், எல்லாம் ரிஜெக்ட் ஆன சட்டைகளின் கைப்பட்டிகள். ஒவ்வொன்றாகக் கயிற்றில் தைத்து, பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றிப் பட்டன் போட்டுவிடுவார். முதல் வளையத்துக்குப் போகிற பிள்ளை சாப்பாட்டு மணி அடிக்கலாம். தப்புச் செய்த பிள்ளை கடைசியில் தொங்கும் துணி வாலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் கடைசி, மணியும் கிடையாது. கோள் சொன்னாலும் வால்தான். முதல் மாதத்தில் நாளுக்கு நாற்பது புகார் வந்ததாம், அதற்காகப் போட்ட சட்டம்.

இத்தனைக்கும் அசையாத ஒரு ஜீவன் இருந்தது. நாலரை வயசுப் பெண், காலர் லைனில் தைக்கிற அம்மாவின் ஒரே மகள். நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவள் பம்பரம். தொடர்ந்து பத்தொன்பது நாள் வால் பிடித்தாள். இருபதாம் நாள், "எனக்கு வால்தான் பிடிக்கும், அங்கதான் இஷ்டத்துக்கு ஆடலாம்" என்று அறிக்கை விட்டாள். அக்கா என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தண்டனைய ரசிக்கிறா நர்ஸு. இதுக்கு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வாரமே சிரிப்பு போய்விட்டது. பம்பரம் பாப்பா ரூமின் கம்பிக் கதவுக்குக் கீழே நுழைந்து, அட்டைப் பெட்டி ஏற்ற லாரிகள் ரிவர்ஸில் வருகிற முற்றத்துக்குப் போய்விட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து பிரேக்கை மிதித்தபோது சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. "பாப்பா, ஓடிவா" என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து கூப்பிட, அவள் நாலு பக்கமும் ஓடியிருக்கிறாள். மேனேஜர் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளை நின்றால் அம்மாவும் நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்குப் பிறந்ததுதான் கல். அக்கா இரண்டு தடவை கை தட்டி "கல்லு!" என்றால் எந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் அப்படியே கல்லாகிவிட வேண்டும். நடக்கக் கூடாது, பேசக் கூடாது. அக்கா வந்து தலையைத் தொட்டால்தான் உயிர். யார் கூப்பிட்டாலும், எது கொடுத்தாலும் அதற்கு முன்னால் அசைந்தால் வால். "ஓடாதே"ன்னு சொன்னா ஓடுதுங்க, கல்லு ஓடாதில்ல என்பது அக்காவின் கணக்கு.

மற்ற பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டன. பம்பரத்துக்கு மூக்கு அரிக்கும். "கல்லுக்கு மூக்கு அரிக்குமாடி?" என்று அக்கா கேட்டால், "இந்தக் கல்லுக்கு அரிக்குது" என்பாள். கடைசியில் அக்கா அவளை என் அறைக்குக் கூட்டிவந்து எடை மெஷினில் ஏற்றினார். முள் ஆடாமல் நில், பார்ப்போம். முதல் நாள் ஐந்து எண்ணுவதற்குள் முள் தலைகால் புரியாமல் ஆடியது. அடுத்த வாரம் பத்து. பிறகு இருபது. முள்ளை ஜெயிக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. ஒரு நாள் அறுபது வரைக்கும் எண்ணினேன், முள் பதினாலரைக் கிலோவில் செத்ததுபோல் நின்றது. இறங்கி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கே கண் கலங்கியது, பெரிய பதக்கம் வாங்கினதுபோல.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொன்றேகால் இருக்கும். நான் வராந்தாக் குழாயில் மருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. அக்கா பிள்ளைகளைக் கை கால் கழுவவைத்துக் கயிற்றில் கோத்துத் திரும்பிக் கூட்டி வந்துகொண்டிருந்தார். கயிறு என் அறையைத் தாண்டிய சமயத்தில், முன்னால் பழைய டியூப்லைட்டுகளைக் கட்டித் தோளில் தூக்கி வந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்குக் கட்டு அவிழ்ந்தது. எட்டுக் குழல், ஒவ்வொன்றும் வெடி மாதிரி. வராந்தா முழுக்கக் கண்ணாடித் தூள்.

அக்கா இரண்டு தடவை கை தட்டினார். "கல்லு!"

பிள்ளைகள் கல்லாகிவிட்டன. செருப்பில்லாத கால்கள், ஒன்றுகூட ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நான் அறை வாசலில் தொங்கும் முதலுதவிப் பெட்டியை எட்டி எடுத்தேன், கதவை இழுத்துப் பூட்டினேன், சாவியைப் பையில் போட்டேன். மருந்து அறையைத் திறந்துபோட்டுப் போகக் கூடாது என்பது என்னுடைய சட்டம், அதைக் கை தானாகவே செய்யும். அக்கா கைப்பட்டிகளைக் கழற்றி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கண்ணாடியைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கி, தலையைத் தொட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு எண்ணினார். பதின்மூன்று.

கயிற்றில் ஏழாவது கைப்பட்டி, பம்பரத்துடையது, காலி. கழற்றியவள் மறுபடி பட்டனைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள், ஒழுங்கான திருடி.

எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான், லாரி. நான் முற்றத்துக்கு ஓடினேன். வாட்ச்மேன் கேட்டை மூடினார். டிரைவர்கள் இறங்கிச் சக்கரங்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். கழிப்பறை, படிக்கட்டு, துணிக்கழிவு மூட்டைகள், தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் நானே கையை விட்டுத் துழாவினேன். காலர் லைன் வரைக்கும் செய்தி போய், அவளுடைய அம்மா கழுத்தில் நூல் வெட்டும் கத்தரி தொங்க ஓடிவந்தாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, "கண்ணம்மா, அம்மாடா, எங்கடா இருக்க, அம்மா அடிக்க மாட்டேன்டா" என்று கத்தினாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. என் அறைக் கைப்பிடியை யாரோ ஆட்டிப் பார்த்து, பூட்டியிருக்கு, இங்க எப்படிப் போவா என்று நகர்ந்துவிட்டார்கள்.

நாற்பது நிமிடம். நான் திரும்பி வந்தபோது அக்கா பாப்பா ரூமில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. பதின்மூன்று பிள்ளைகளும் எதிரே.

"செக்கிங்ல ஒரு பீஸ் குறைஞ்சா கட்டடம் முழுக்கத் தேட மாட்டோம் நர்ஸு. கடைசியா யார் கையில இருந்துதோ அங்கிருந்து பின்னால போவோம். நான் பாவி, அதை மறந்துட்டு ஓடிட்டிருக்கேன்" என்றார். எட்டாவது கைப்பட்டிக்காரியான இரட்டைப் பின்னல் பெண்ணைப் பக்கத்தில் அழைத்தார். "பம்பரம் உனக்கு முன்னாலதான வந்தா? எங்க போனா பாத்தியாடா?"

இரட்டைப் பின்னல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுபடி கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொன்னா வால்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "இல்லடா தங்கம். இது கோள் இல்ல. இதுக்கு வால் இல்ல. அக்கா சொன்னா சொன்னதுதான?"

"ஊசிம்மா ரூமுக்குள்ள போனா. முள்ளு பாக்க."

என் கை சாவியைத் தேடியது. பையில்தான் இருந்தது, நாற்பது நிமிடமாக முற்றமெல்லாம் என்னோடு ஓடிய சாவி. கதவைத் திறந்து மறைப்பைத் தள்ளினேன்.

எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, தாடையை உயர்த்தி, வாயை இறுக்கி. முள் பதினாலரையில், துளி ஆட்டம் இல்லை.

"அடி என் செல்லமே, இறங்குடி" என்றேன். அசையவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. தூக்கப் போனேன், அந்தக் கண் என்னை அப்படி முறைத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அக்கா! வந்து தொடுங்க!"

அக்கா வந்தார். பின்னாலேயே அவளுடைய அம்மா. அக்கா தலையைத் தொட்டதும்தான் பம்பரம் மூச்சு விட்டாள், முள் தடதடவென்று ஆட ஆரம்பித்தது.

"நான் ஆடல. ஒரு தடவகூட ஆடல. அம்மா கூப்பிட்டாங்க, அப்பகூட ஆடல. அக்கா இன்னும் தொடலியே." பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சமா ஒண்ணுக்குப் போயிட்டேன். அது ஆடுறதா அக்கா?"

"இல்லடி என் ராசாத்தி. அது ஆடுறது இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா ஈர மெஷினையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் சும்மா இருப்பேனா, நானும் அழுதேன். பல நாள் அடைத்துக்கிடந்த மூக்கு திறந்ததுபோல் ஒரு சுகம். வாசலில் எட்டிப் பார்த்த மேனேஜர், "லாரிப் பக்கம் போகலைல்ல?" என்று கேட்டார். "பூட்டின ரூமுல கல்லா நின்னா சார், நாப்பது நிமிஷம்" என்றேன். அவர் மெஷினைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் நாலு நிமிஷம் நிக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையை அனுப்புகிற பேச்சு அதோடு போயிற்று. அம்மா அன்றைக்கு மீதி வேலையை பாப்பா ரூம் வாசலைப் பார்த்துப் பார்த்தே முடித்தாளாம், இரண்டு காலர் தலைகீழ்.

மறுநாள் காலை அக்கா பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தார். நானும் போனேன். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குக் கொஞ்சம் படபடப்பாகவே இருந்தது. ஒன்றும் தெரியாததுபோல் விட்டிருக்கலாம், பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடும்.

"கல்லுன்னு சொன்னவங்க எல்லாத் தலையையும் தொடணும். அதான சட்டம்? நான் ஒரு தலைய தொடல. அப்ப எனக்கு என்ன?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அக்காவுக்குமா? இரட்டைப் பின்னல்தான் மெதுவாகச் சொன்னாள், "வால்."

"வால்" என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு சட்டம் மாத்தறேன். அம்மா கூப்பிட்டா கல்லு கரைஞ்சிடும், பேசலாம். யாராவது காணாமப் போனாலோ அடிபட்டாலோ சொல்றது கோள் இல்ல. சரியா?"

எல்லாம் தலையாட்டின. பம்பரம் மட்டும் என் பக்கம் விரலை நீட்டினாள். "ஊசிம்மா என்னைப் பாக்காம பூட்டிட்டாங்க. அவங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பதினாலு முகமும் என்னையே பார்த்தன.

அன்றைக்குக் கை கழுவப் போகும் கயிற்றின் முதல் வளையத்தில் பம்பரம். கடைசியில் துணி வாலை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நானும் அக்காவும். முன்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை, கயிறு திடீரென்று நிற்கிறது, திடீரென்று இழுக்கிறது. எதிரே வந்த எலக்ட்ரீஷியன் தம்பி சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். என் அறை வாசலுக்கு வந்ததும் கைதட்டல் இரண்டு கேட்டது.

"கல்லு!"

நின்றுவிட்டோம். தோளில் ஏணியோடு அந்தத் தம்பியும் நின்றுவிட்டான். பம்பரம் கைப்பட்டியைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டாள். அக்காவுக்கு முழங்கால் வலி, இருந்தாலும் தலை எட்டுகிற அளவுக்குக் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்தச் சின்னக் கை உச்சந்தலையில் பட்டபோது, நேற்று முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

கடைசியாக ஏணித் தம்பியையும் காலில் தொட்டுவிட்டு, அவள் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். அவளையும் சேர்த்துப் பதினேழு. அப்போதும் கயிறு நகரவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க ஊசிம்மா. உள்ள யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாக்கணும்."

திறந்துவிட்டேன். மறைப்புக்குப் பின்னால் போய், எடை மெஷினைப் பார்த்து, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"யாரும் இல்ல. இப்பப் பூட்டுங்க."